மூன்று இலவச மென்பொருள்களும் ஒரு சங்கரலிங்கமும்

எனக்குப் பிறகு கல்லூரி நூலகப் பொறுப்புக்கு வந்திருக்கும் வினோதினி போன வாரம் போன் செய்தாள்.

"அண்ணே, ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இந்த மேற்கோள் மென்பொருள்ல இலவசமாக் கெடைக்கிறதை எல்லாம் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதித் தாங்க. அட்டவணை மாதிரி இருந்தாப் போதும். எது நல்லது, எது சுமாரு, அவ்வளவுதான்."

"ஏன், நீ எழுதக் கூடாதா?"

"நீங்கதானேண்ணே அதுல அடி வாங்குனவரு."

மறுக்க முடியவில்லை. இடுப்பு வலிக்காக விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போடியில் வீட்டோடு இருக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவனை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது, எதையோ செய்துவிட்டு மாட்டிக்கொண்டவன் போல. அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கவாவது உருப்படியாக ஒரு அட்டவணை எழுதுவோம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் மென்பொருளின் பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்தில் சங்கரலிங்கம் வந்து உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு தள்ளியும் எழுந்திருக்கவில்லை. ஆகவே வினோதினி, இது அட்டவணை அல்ல.

மதுரையில் நூலக அறிவியல் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நூற்பட்டியல் அட்டைகளை அகர வரிசையில் அடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே அட்டைகள் ஒழிந்தன. அவை இருந்த மரப்பெட்டிகளை வேதியியல் துறைக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியது சத்தம் போடாமல் நடக்கும் பழக்கம் ஒன்றுதான். அதுவும் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

மென்பொருள் விஷயத்தை ஆரம்பித்து வைத்தவர் எங்கள் கல்லூரி முதல்வர். பொருளாதாரப் பேராசிரியர். ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் தகர டப்பா, அதற்குள் பச்சை மாறாத நல்ல ஏலக்காய். நாம் ஒன்றைச் சொல்லும்போது அவர் மறுமொழி சொல்ல மாட்டார். டப்பாவைத் திறந்து, ஒரு காயை எடுத்து, கட்டைவிரலால் உருட்டி, தோலை உரித்து, வாயில் போட்டுக்கொள்வார். அதன் பிறகு டப்பா நம் பக்கம் நீண்டால் சம்மதம். மூடிவிட்டால் இல்லை. ஏலக்காய் ஏலத்தில் மாதிரித் தட்டைப் பார்க்கிற வியாபாரிபோல, ஒரு ஃபைலைக்கூட இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துத்தான் திறப்பார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் ஓர் ஆய்வேடு கிடந்தது. "துணைநூற்பட்டியலைப் பாருங்க" என்றார். பார்த்தேன். ஒரு புத்தகத்துக்கு ஆண்டு முன்னால் இருந்தது, அடுத்ததற்குப் பின்னால், அதற்கடுத்ததற்கு ஆண்டே இல்லை. "இதையெல்லாம் தானாச் செய்யிற மென்பொருள் இருக்காமே. காசு குடுக்க வழியில்லை. காசில்லாம இருக்குறதுல எது தேறும்னு பாத்துச் சொல்லுங்க."

இந்த மென்பொருள்கள் செய்வது எளிய வேலைதான். நாம் ஒரு கட்டுரையைப் படிக்கும்போது ஒரு பொத்தானை அமுக்கினால், எழுதியவர் பெயர், தலைப்பு, ஆண்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளும். ஆய்வேடு எழுதும்போது வேண்டிய இடத்தில் அந்தப் பெயரைச் செருகும். கடைசியில் பட்டியலைத் தானே போட்டுத் தரும். இதுவரை நாம் செய்துவந்த தப்புகளை நமக்குப் பதிலாக அது செய்யும் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றை எடுத்துக்கொண்டேன். ஜோட்டேரோ, மெண்டலி, ஜேப்ரெஃப். நூலகத்துக் கணினிகளில் கணினிக்கு ஒன்றாக ஏற்றி, மூன்றுக்கும் ஒரே சாப்பாட்டைப் போட்டேன். வெளிநாட்டு ஆய்விதழ்க் கட்டுரை ஒன்று, தமிழ்ப் புத்தகம் ஒன்று, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மலையாளத் தொழிலாளர் அறிக்கை, ஓர் அரசாணை, ஒரு நாளிதழ்ச் செய்தி, தோட்டத்தில் காய் பறிக்கும் பெண்ணிடம் எடுத்த பேட்டி.

வெளிநாட்டுக் கட்டுரையை மூன்றும் லபக்கென்று விழுங்கின. நாளிதழ்ச் செய்தியை இணையத்திலிருந்து அள்ளுவதில் ஜோட்டேரோ கெட்டிக்காரன். கட்டுரையைத் திறந்து வைத்துக் கோடு போட்டுப் படிக்க மெண்டலி சுகமாக இருந்தது, ஆனால் உள்ளே நுழையக் கணக்கு வேண்டும், கடவுச்சொல் வேண்டும், அதை மறக்காத ஆள் வேண்டும். கணிதக்காரர்களும் இயற்பியல்காரர்களும் லேட்டெக் என்ற ஒன்றில் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஜேப்ரெஃப் சொந்தக்காரன் மாதிரி. மற்றவர்களுக்கு அது சம்பந்தி வீடு, மரியாதையாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். தமிழ்ப் புத்தகத்தை மூன்றும் தொடவில்லை, கையால்தான் ஊட்ட வேண்டியிருந்தது. மலையாள அறிக்கை ஸ்கேன் செய்த படமாக இருந்ததால் மூன்றும் திருதிருவென்று விழித்தன. பேட்டிக்கு மட்டும் ஜோட்டேரோவில் தனி இடம் இருந்தது. காய் பறிக்கும் மாரியம்மாளை அதில் உட்கார வைத்ததில் எனக்குத் தனி சந்தோஷம்.

முதல்வருக்கு எழுதிய அறிக்கையில் 'பெயர்' என்ற கட்டத்தில் மூன்றுக்கும் பெரிதாக ஒரு டிக் போட்டேன். நான் சோதித்துப் பார்த்தது ஒரு ஜெர்மன்காரரின் பெயரை.

முதல்வர் அறிக்கையை விரலால் தேய்த்தார், படித்தார், டப்பாவை நீட்டினார். அன்றிலிருந்து எங்கள் கல்லூரியில் ஜோட்டேரோ. நான் வகுப்பெடுத்தேன். எல்லோருக்கும் ஒரே விதியைச் சொன்னேன்: ஆய்வேட்டில் தெரியும் மேற்கோளைக் கையால் திருத்தாதே, திருத்துவதானால் மென்பொருளுக்குள் போய்த் திருத்து. இன்றைக்கும் அது சரியான விதிதான். அதை நான் சொன்ன தோரணைதான் கொஞ்சம் அதிகம்.

அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டே சாகடித்தவர் ஜெரினா. போடிக்காரர்தான். கடைவீதியில் கணவருக்குப் பாத்திரக்கடை. முப்பத்தெட்டு வயதில், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளோடு, முதல்வரிடமே பகுதிநேர ஆய்வு. தலைப்பு, விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஏறி மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் வரும் பெண்கள். அந்த ஜீப்பில் தானும் பலமுறை ஏறிப் போய் வந்து எழுதினார். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தது. இருந்தாலும் போடிமெட்டு வளைவுகளில் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் பயம் அதில் அப்படியே இருந்தது.

ஆய்வேட்டை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். மதிப்பீட்டு அறிக்கை வந்தது. பாராட்டுத்தான். கடைசியில் ஒரே ஒரு வரி: நான்காம் அத்தியாயத்தில் பேசப்படும் கருத்து மோதல் குறித்து வாய்மொழித் தேர்வில் விளக்கம் தேவை. கூடவே தேர்வுத் தேதியும், தேர்வாளர் பெயரும்.

ஜெரினா நூலகத்துக்குள் கிட்டத்தட்ட ஓடி வந்தார். "அண்ணே, யாரு வர்றாருன்னு சொல்லுங்க பாப்போம். கருப்பையா சார். அவரு புத்தகத்தை வச்சுத்தான் என் நாலாவது அத்தியாயமே நிக்குது."

எனக்கும் சந்தோஷம். அவர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொண்டால் தேர்வுக்கு உதவுமே என்று அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்தேன். புத்தகம் இருந்தது. அதற்குக் கீழே, அவர் இளவயதில் வெளிநாட்டு ஆய்விதழ்களில் எழுதிய கட்டுரைகள். தலைப்புகளை எங்கேயோ பார்த்தது போலிருந்தது.

"ஜெரினாம்மா, இதெல்லாம் உங்க ஆய்வேட்டுல வர்ற அந்த சங்கரலிங்கம் எழுதுனதுதானே?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது.

நடந்தது இதுதான். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், ச. கருப்பையா என்று. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டு இதழ்களோ முதலெழுத்தை ஒத்துக்கொள்ளாமல் முழுப் பெயர் கேட்டன. அவர் கருப்பையா சங்கரலிங்கம் என்று கொடுத்திருக்கிறார். கடைசியில் நிற்கும் பெயர்தான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்வது மென்பொருளின் வழக்கம். மூன்றுமே அப்படித்தான் எடுக்கும். ஆகவே புத்தகம் மகன் பெயரிலும், கட்டுரைகளெல்லாம் அப்பா பெயரிலும் பதிவாகிவிட்டன.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பெண்கள் நல்ல கூலிக்காக விரும்பித்தான் ஜீப்பில் போகிறார்கள் என்பது அந்தப் பழைய கட்டுரைகளின் வாதம். கீழே வேலை இல்லாததால் வேறு வழியின்றிப் போகிறார்கள் என்பது பின்னாளில் வந்த புத்தகத்தின் வாதம். ஜெரினா இரண்டையும் இரண்டு அறிஞர்களின் கருத்தாக எடுத்துக்கொண்டு, 'சங்கரலிங்கமும் கருப்பையாவும்' என்று ஒரு பகுதியே எழுதியிருந்தார். கருப்பையாவின் தோளில் கை போட்டுக்கொண்டு சங்கரலிங்கத்தைப் பக்கத்துக்குப் பக்கம் சாத்தியிருந்தார். "சங்கரலிங்கம் ஒரு நாளாவது அந்த ஜீப்பில் ஏறியிருந்தால் இப்படி எழுதத் துணிந்திருக்க மாட்டார்" என்பது அதில் சாதுவான வாக்கியம்.

"அண்ணே," என்றார் ஜெரினா, "அவரு அப்பாவையும் அவரையும் சண்டை மூட்டி விட்டு, அதை அவருகிட்டயே திருத்தக் குடுத்திருக்கேன்."

நான் நிதானமாக இருந்தேன் என்று எழுத ஆசை. நான் செய்த முதல் காரியம் கணினியை அணைத்தது. திரை இருண்டால் விஷயம் மறைந்துவிடும் என்று ஏதோ ஒரு நம்பிக்கை. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடினேன். கண்ணாடி இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. டீக்கடைக்குப் போய், டீ குடிக்காமல் காசு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். தேர்வன்று குரங்கணி மலைமேல் நடந்து போய்விடலாமா, அங்கே செல்போன் சிக்னல் இருக்காதே என்றுகூட யோசித்தேன். மாரடைப்பு வருவதாக இருந்தால் எந்தப் பக்கம் வலிக்கும் என்பதைத் தேடுவதற்காகக் கணினியை மறுபடி போட்டேன். சங்கரலிங்கம் அங்கேயே இருந்தார்.

உண்மையில் ஆபத்து ஜெரினாவுக்குத்தான். அவருடைய பதிவுக் காலம், நீட்டிப்பெல்லாம் சேர்த்து, முடிந்துவிட்டது. தேர்வாளர் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதச் சொன்னால் அதற்குக் காலம் கிடையாது. பட்டம் போச்சு, ஜீப்பில் தொங்கிய வருடங்களும் போச்சு.

முதல்வரிடம் போனோம். வழிகாட்டி என்ற முறையில் அவரும் அந்த அத்தியாயத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர். நான் சொல்லி முடித்ததும் டப்பாவைத் திறந்தார். ஒன்று. இன்னொன்று. மூன்றாவது. எங்கள் பக்கம் நீட்டவும் இல்லை, மூடவும் இல்லை.

"நாம முன்கூட்டித் தேர்வாளர்கிட்டப் பேசக் கூடாது. மொறை இல்லை," என்றார். "திருத்தப் பட்டியல்னு ஒரு பக்கம் அடிச்சு வச்சுக்க. அவரா கேட்டாக் குடு. நீங்க," என்று என் பக்கம் திரும்பினார், "அன்னைக்கு லீவு போட்டுறாதீங்க."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது. யாரும் வந்து உட்காரலாம், கடைசியில் கேள்வியும் கேட்கலாம். கருத்தரங்க அறையில் இருபது பேர் போல இருந்தார்கள். என்னை முதல் வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தார் முதல்வர். நான் கடைசி வரிசையில், கதவோரமாக. பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் பெரியவர் ஒருவர், துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். யாரோ மாணவரின் உறவினர், டீயும் வடையும் வரும் என்று வந்திருப்பார் என நினைத்தேன்.

"தம்பிக்கு ஒடம்பு சரியில்லையா? இப்படி வேர்க்குது."

யாரிடமாவது சொன்னால் ஆறும் போலிருந்தது. சொல்லிவிட்டேன். "ஒண்ணுமில்லைங்கய்யா. அந்தப் பிள்ளை ஆய்வேட்டுல சங்கரலிங்கம்னு ஒருத்தரைப் போட்டு வெளுத்து வாங்கியிருக்கு. அப்படி ஒரு ஆளே கெடையாது."

"கெடையாதா?"

"கெடையாதுய்யா. கம்ப்யூட்டரு உண்டாக்குன ஆளு."

பெரியவர் விசிறுவதை நிறுத்தினார். "ரொம்பத் திட்டியிருக்கா?"

"வெளுத்து வெயில்ல காயப் போட்டிருக்கு."

"பாவம்," என்றார். "அந்த ஆளு இருந்திருந்தா மனசு கஷ்டப்பட்டிருப்பாரு."

"அதான் இல்லையேய்யா."

கருப்பையா சார் ஒல்லியாக, உலர்ந்த குரலோடு இருந்தார். முதல் மூன்று அத்தியாயங்களையும் சலித்து எடுத்தார். ஜெரினா ஜீப்பின் வாடகையிலிருந்து விடிகாலைக் கஞ்சி வரை சொல்லிச் சமாளித்தார். பிறகு கருப்பையா சார் ஆய்வேட்டில் ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நாலாவது அத்தியாயம். சங்கரலிங்கமும் கருப்பையாவும். நல்லா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு சந்தேகம். இவங்க ரெண்டு பேரும் நேர்ல பாத்தா என்ன பேசிக்குவாங்க?"

என் கால்கள் தாமாகவே கதவுப் பக்கம் திரும்பின. முதல்வரின் கை சட்டைப் பைக்குள் போய், அங்கேயே நின்றது.

ஜெரினா திருத்தப் பட்டியலை எடுத்தார். கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சார், ரெண்டும் நீங்கதான். உங்க அப்பா பேரு வரக் கூடாத எடத்துல வந்துருச்சு. அது என் தப்பு. நான் பாத்திருக்கணும்." ஒரு மூச்சு விட்டார். "ஆனா மோதல் இருக்குறது நெசம் சார். முன்னாடி எழுதுன நீங்களும் பின்னாடி எழுதுன நீங்களும் ஒண்ணு இல்லை. பேரை மாத்திடுறேன். எழுதுனதை மாத்த மாட்டேன்."

இந்தப் பெண்ணுக்கு ஏன் இந்த வேலை, மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் என்ன என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கருப்பையா சார் ஆய்வேட்டை மூடினார். "அந்தக் கட்டுரைகளை எழுதுறப்ப நான் ஊருப்பக்கமே இல்லை. ஜீப்புல ஏறவும் இல்லை. நீங்க சொன்னது சரி. அப்புறம் எதுக்காக மாத்தி எழுதுனேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட கேட்டதில்லை. பாதிப் பேரு ரெண்டையும் சேத்துப் படிக்கவே இல்லை." லேசாகச் சிரித்தார். "ஒரு வாக்கியத்தையும் எடுக்காதீங்க. அடியை மட்டும் சரியான ஆளு மேல போடுங்க. பேர் திருத்தம் ஒண்ணுதான். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்."

முதல்வரின் டப்பா வெளியே வந்து, தேர்வாளரைத் தாண்டி, ஜெரினாவிடம் போய், முதல் வரிசை முழுக்கச் சுற்றியது.

"மொறைப்படி," என்றார் முதல்வர், வாயில் ஏலக்காயோடு, "சபையில யாருக்காவது கேள்வி இருக்கா?"

என் பக்கத்தில் துண்டு பிடித்த ஒரு கை உயர்ந்தது.

"எனக்கு ஒண்ணு கேக்கணும்." பெரியவர் எழுந்தார். "ஆத்தா, பொம்பளைங்க ஆசப்பட்டுத்தான் ஜீப்புல தொங்கிட்டுப் போறாங்கன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"எங்கப்பா," என்றார் கருப்பையா சார். "சிலமலையிலேருந்து வந்திருக்காரு. உன்னை ஒரு பொண்ணு கிழிச்சிருக்கு, வந்து என்னன்னு கேளுன்னு நான்தான் கூட்டியாந்தேன்."

நாற்காலிக்கு அடியில் போக இடமிருக்கிறதா என்று பார்த்தேன். இடுப்பு ஒத்துழைக்கவில்லை. பெரியவர் குனிந்து, "இருக்கேன் தம்பி, நல்லாத்தான் இருக்கேன்," என்றார்.

அறை சிரித்து ஓய்ந்ததும் ஜெரினா கையைக் கூப்பினார். "நீங்க ஒண்ணும் சொல்லலை அப்பா. சொன்னது உங்க மகன். பழி உங்க மேல விழுந்துருச்சு."

"அப்பச் சரி. திட்டுனதை எல்லாம் அவன் பேருக்கு மாத்து. நல்லாருக்குன்னு எழுதுனியாமே, அதை எம் பேருக்குப் போடு."

"அது முடியாதுப்பா."

"ஏன் முடியாது? கம்ப்யூட்டரு செய்யும். இந்தத் தம்பி சொன்னாரு."

மறுநாள் காலையில் ஜெரினாவும் நானும் நூலகத்தில் உட்கார்ந்தோம். வினோதினி, நீ கேட்ட ஒப்பீடு இங்கேதான் வருகிறது, குறித்துக்கொள். ஜோட்டேரோவில் பெயருக்கு இரண்டு கட்டங்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான், அதை அமுக்கினால் ஒரே கட்டமாகிவிடும். நம் பெயரை உள்ளபடியே அதில் வைக்கலாம். ஜேப்ரெஃபில் பெயரை நெளிந்த அடைப்புக்குறிக்குள் போட்டால் உடையாமல் நிற்கும். எதில் போட்டாலும், நம் ஊர் ஆள் ஒருவரின் பெயரைக் கொடுத்துப் பார்க்காமல் டிக் போடாதே.

ஒவ்வொரு கட்டுரையிலும் பெயரைச் சரிசெய்துவிட்டு, ஆய்வேட்டைத் திறந்து, புதுப்பிக்கும் பொத்தானை அமுக்கினோம். ஒரு கணம் எல்லாம் நடுங்கியது. பிறகு அத்தியாயம் அத்தியாயமாக, அடைப்புக்குள் இருந்த சங்கரலிங்கங்களெல்லாம் கருப்பையாவாகிக்கொண்டே போனார்கள், பட்டியலில் இருந்தவர் உட்பட. வாக்கியங்களுக்குள் இருந்த சங்கரலிங்கத்தை ஜெரினா தேடித் தேடி மாற்றினார். பகுதித் தலைப்பு 'கருப்பையாவும் கருப்பையாவும்' என்றானது. முன்னதைவிட அது நன்றாகவே இருந்தது.

கடைசியாக ஒருமுறை அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தோம். 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தது. ஜெரினா சிலமலைக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார்.

"அப்பா, மாத்தியாச்சு. இனிமே உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"எல்லா எடத்துலயும் எடுத்தாச்சா?"

"எல்லா எடத்துலயும்."

மறுமுனையில் எங்கேயோ ஒரு சேவல் கூவியது.

"ஒண்ணு ரெண்டை விட்டு வச்சிருக்கலாம்ல ஆத்தா."